தூசியைக் கேட்காமல் வாங்கிய ஃபேன்

மூன்று வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலைக் காப்பி முடியவில்லை. மாதுங்காவில் என் வீட்டு வாசலில் செல்லையா நின்றார். கையில் செய்தித்தாளில் சுற்றிய ஏதோ ஒன்று. அப்பளக் கட்டு என்று நினைத்து என் மனைவி கையை நீட்டினாள்.

பிரித்தால் — இரும்புத் தகடு. உள்ளங்கை அகலம். ஒரு பக்கம் நகத்தின் கனம். மறுபக்கம் சவர பிளேடு போல மெலிந்து, எலி கடித்த அப்பம் மாதிரி இருந்தது.

"நீங்க எடுத்துத் தந்த ஃபேனு, சார்," என்றார். "அதுல ஒரு எறக்கை."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

செல்லையா தாராவியில் சாணைப் பட்டறை வைத்திருக்கிறார். சேர் என்ற பழைய எடை போய்க் கிலோ வந்ததால் பிழைத்தவர்களில் ஒருவர். ஊரில் உள்ள கடைக்கெல்லாம் புது எடைக்கல் வேண்டுமே? பெரிய வார்ப்பட ஆலையில் வார்த்த கற்கள் அவரிடம் வரும் — மேலெல்லாம் மணல் ஒட்டி, ஓரமெல்லாம் பிசிறோடு. சுழலும் சாணைக்கல்லில் பிடித்து வழவழப்பாக்கித் தரவேண்டும். நான்கு சாணை, நான்கு ஆட்கள்.

அவர் பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பக்கத்தின் வாசகர். அதனால் எனக்கு எல்லாம் தெரியும் என்று நம்புகிறவர்.

ஐந்து மாதங்களுக்கு முன் அவர் என்னைப் பட்டறைக்கு அழைத்துப்போனபோது, நால்வரில் மூத்தவரான யேசுதாசனைப் பார்த்தேன். நாசரேத் பக்கம். மூக்கையும் வாயையும் மூடிக் கறுப்புத் துணி கட்டியிருந்தார். ஒன்பது வருஷமாகச் சாணை. எடைக்கல்லைக் கையில் வாங்கிய உடனே, இன்னும் எங்கே தேய்க்கவேண்டும் என்று சொல்லிவிடுவார். நடுநடுவே இருமினார்.

டாக்டர் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்திருக்கிறார். காசநோய் இல்லை, ஆனால் ஒரு நிழல். ஆறு மாதம் கழித்து மறுபடி படம். நிழல் வளர்ந்திருந்தால் சாணையை விட்டுவிட வேண்டியதுதான். விட்டால்? கோவண்டியில் மைத்துனரின் மளிகைக் கடையில் பொட்டலம் மடிக்கலாம்.

"தூசிய இழுத்து வெளிய தள்ளுத ஃபேனு ஒண்ணு வைக்கணும் சார். கடைல கேட்டா இங்கிலீஷ் புஸ்தகத்தத் தூக்கிப் போடுதான். நீங்க வந்து வாசிச்சுச் சொல்லணும்," என்றார் செல்லையா.

போனேன். நாக்தேவி தெருவில் ஒரு குஜராத்திப் பெரியவரின் கடை. எதற்கு என்று கேட்டார். தூசிக்கு என்றேன். தலையசைத்துவிட்டு விலைப்பட்டியலை நீட்டினார். நிமிஷத்துக்கு எவ்வளவு காற்று இழுக்கும், எவ்வளவு மின்சாரம் தின்னும், சத்தம் எவ்வளவு... எல்லாம் இருந்தது. ஒப்பிட்டு, அடிக்கோடிட்டு, ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். வளைந்த, மெல்லிய இறக்கைகள் நிறைய. படுவேகம். சத்தமே இல்லை. என் ஆபீஸில் மாட்டியிருந்தால் பத்து வருஷம் ஓடியிருக்கும்.

அதன் இறக்கைதான் இப்போது என் காப்பி டம்ளருக்குப் பக்கத்தில் கிடந்தது.

சட்டையை மாட்டிக்கொண்டு அவரோடு கிளம்பினேன். பட்டறையில் ஃபேன் நின்றுபோய்ப் பத்து நாள். இறக்கைகள் ஒரே சீராகத் தேயாமல், ஒரு பக்கம் கனம் குறைந்து, ஆட்டம் கண்டு, பேரிங் உடைந்திருக்கிறது. ஆனால் சாணை நிற்கவில்லை. புகைபோல எழும்பிய தூசிக்குள்ளிருந்து யேசுதாசன் வந்தார்.

"மூணு மாசம் ராஜா மாதிரி இருந்தோம் சார். பொறவு அந்தச் சவத்து ஃபேனு ஆட ஆரம்பிச்சுட்டு," என்றார். தூசியை வெளியே கொண்டுபோகும் தகரக் குழாயைக் காட்டினார். அது வளையும் இடத்தில் மூன்று ஒட்டு. "மொதல்ல இங்கதான் ஓட்டை விழுந்துச்சு. மணலு நேராப் போயி முட்டும்; அதுக்கு வளையத் தெரியாதுல்லா? தகரத்தையே திங்குதே, எறக்கைய விட்டுவைக்குமான்னு அப்பமே கேட்டேன்."

"யாரிடம்?"

"அண்ணாச்சிகிட்டதான்."

செல்லையா தலையைச் சொறிந்தார். "கேட்டான். சாரு இங்கிலீஷ் படிச்சுப் பாத்துல்லா எடுத்திருக்காரு, ஒனக்கு என்னலே தெரியும்னு வாயை அடச்சிட்டேன்."

யேசுதாசன் அந்தத் தகட்டை வாங்கிக் கட்டை விரலால் தடவினார். "இரும்பே நாலு மாசந்தான் தாங்கியிருக்கு. நான் ஒம்பது வருசம்லா," என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

மறுநாள் மூவருமாக அதே கடைக்குப் போனோம். புறப்படுமுன் யேசுதாசன் சாணைக்கு அடியிலிருந்து ஒரு கை தூசியை அள்ளிப் பத்திரிகைத் தாளில் பொட்டலம் கட்டிக்கொண்டார். நம் பத்திரிகைதான். யாருடைய பக்கம் என்று நான் பார்க்கவில்லை.

கடைக்காரர் மறுபடி விலைப்பட்டியலை எடுத்தார். யேசுதாசன் அதன்மேலேயே பொட்டலத்தைப் பிரித்துவைத்தார். பெரியவர் ஒரு சிட்டிகை எடுத்து மேஜைக் கண்ணாடியில் வைத்துத் தேய்த்தார். கண்ணாடியில் கீறல் விழுந்தது. கீறலையே சிறிது நேரம் பார்த்தார். பிறகு எழுந்து கோடவுனுக்கு நடந்தார்.

அங்கே ஒரு மூலையில் அது இருந்தது. அழகு என்று எதுவும் இல்லை. தட்டையான ஆறே இறக்கைகள், ஒவ்வொன்றும் விரல் கனம். மெதுவாகத்தான் சுற்றும். மோட்டார் தூசி படாமல் வெளியே தனியாக நிற்க, நடுவே பெல்ட். ஃபேனுக்கு முன்னால் பீரோ அளவில் ஒரு பெட்டி வைக்கச் சொன்னார் — கனமான மணல் அதிலேயே விழுந்துவிடும். மிச்சம்தான் இறக்கைக்கு வரும்.

"போன முறை இதை ஏன் காட்டவில்லை?" என்று என் இந்தியில் கேட்டேன்.

"போன முறை நீங்கள் மால் காட்டவில்லையே, சாப்," என்றார். மால், அதாவது சரக்கு என்று அவர் சொன்னது தூசியை.

யேசுதாசனுக்கு ஒரே ஒரு கேள்வி இருந்தது. "கிஸ் கயா தோ?" — தேய்ந்துபோனால்?

"தேயத்தான் தேயும். இறக்கையைக் கழற்றிப் புதிதாக மாட்டு," என்றார் பெரியவர்.

தேயாத ஒன்றைத் தேடி நான் பட்டியல் முழுக்கப் புரட்டியிருக்கிறேன். தேய்மானத்தோடு ஒன்பது வருஷம் குடித்தனம் நடத்தியவருக்குத்தான் எதைக் கேட்கவேண்டும் என்று தெரிந்திருக்கிறது. ஆபீஸில் நாற்காலி வாங்குகிறோம், பள்ளியில் பாடம் வைக்கிறோம், ஊருக்கு ரோடு போடுகிறோம்... காகிதத்தைப் படித்தவனைத்தானே கூப்பிடுகிறோம்? அந்தந்த வேலையின் நடுவில் நிற்பவனை எத்தனை பேர் கூப்பிட்டோம்?

போன சனிக்கிழமை பட்டறைக்குப் போனேன். புது ஃபேனுக்கு டபிள்டெக்கர் பஸ் மேடு ஏறுகிற சத்தம். பேசினால் காதில் விழாது. செல்லையா பெட்டியின் அடிக்கதவைத் திறந்து காட்டினார். இரண்டு வாளி மணல் இருக்கும்.

யேசுதாசன் என்னை வெளியே கூட்டிவந்தார். அடுத்த மாதம் படம் எடுக்கவேண்டும். நிழல் என்ன சொல்லுமோ, யாருக்குத் தெரியும்?

"இருமல் எப்படி?" என்றேன்.

"கொறஞ்சிட்டுன்னு எம் பொஞ்சாதி சொல்லுதா. எனக்குச் சொல்லத் தெரியல," என்றார். முகத்துத் துணியை அவிழ்த்து, ஒரு உதறு உதறி என்னிடம் நீட்டினார். "சாயங்காலம் வரைக்கும் கட்டியிருந்தது. பாருங்க."

அது வெள்ளையாக இல்லை. ஆனால் நான் கறுப்பு என்று நினைத்திருந்தது வெள்ளைத் துணி என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.