இருபத்திரண்டு முட்டை

உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் முட்டை மொத்த வியாபாரம் செய்கிற வீட்டின் மருமகள் சனோபர். ஏனாத்தூரில் உயிர்வேதியியல் படித்து முதல் வகுப்பில் தேறியவள். அந்தப் படிப்பைப் புகுந்த வீடு வீணாக்கிவிடவில்லை. தினமும் காலை ஆறு மணிக்கு ஒவ்வொரு முட்டையாக விளக்குக்கு நேரே பிடித்து நல்லது கெட்டது பிரிக்கும் உத்தியோகத்தைக் கொடுத்தது.

மாமியார் அலிமா முப்பது வருஷமாக முட்டை எண்ணியவர். சாலவாக்கத்துக் கோழி ஒன்று அவர் முறைத்த முறைப்பில் நடுரோட்டிலேயே இட்டுவிட்டது. நான் கண்ணால் பார்த்தேன். நம்பாதவர்கள் கோழியைக் கேட்கலாம்.

கல்யாணமாகி நாலு வருஷம், சனோபருக்குக் குழந்தை இல்லை. மாதவிலக்கோ தூரத்து உறவுக்காரரைப் போல மூன்று நாலு மாதத்துக்கு ஒருதரம் தலைகாட்டும். ஊர் சும்மா இருக்குமா? ஒருத்தி கழற்சிக்காய்ப் பொடி தந்தாள். மானாம்பதியிலிருந்து வந்த இன்னொருத்தி, காலைச் சுவரில் தூக்கி வைத்துப் படுக்கச் சொன்னாள். பல்லிதான் அப்படிப் படுக்கும். அதற்குப் பிள்ளைகளும் ஏராளம்.

கடைசியில் சனோபர் பிடிவாதமாகக் காஞ்சிபுரத்து லேடி டாக்டரிடம் போனாள். துணைக்கு அலிமா. கணவன் அசீமுக்கு அன்றைக்கு லோடு வருகிறதாம். ஆஸ்பத்திரி நாளில் மட்டும் அவனுக்குத் தவறாமல் லோடு வரும்.

ஸ்கேனைப் பார்த்த டாக்டர் பொறுமையாகச் சொன்னார். "இது பிசிஓஎஸ்மா. ஒரு பக்கத்து சினைப்பையில மட்டும் சின்னச் சின்னதா இருபத்திரண்டு முட்டைப் பை இருக்கு. மாசாமாசம் ஒரு கூட்டமே வளர ஆரம்பிக்கும். அதுல ஒண்ணு முந்திக்கும். மத்ததுல இருக்கிற செல்லெல்லாம் தானாவே செத்துக் கரைஞ்சு இடம் விடும். சாகிறதும் உடம்புக்கு ஒரு வேலைதான். உங்களுக்கு அது தாறுமாறா நடக்குது. எதுவும் முந்தல. கரைய வேண்டியது கரையாம பாதியில நிக்குது. முட்டைக்கு ஊட்டி வளர்க்கிற செல்லு சிலது அவசரப்பட்டுச் செத்துடுது. மாத்திரை எழுதித் தரேன், தினம் நடங்க. உங்க வீட்டுக்காரரையும் ஒரு டெஸ்டுக்கு வரச் சொல்லுங்க."

இத்தனையிலும் அலிமாவின் காதில் விழுந்தது ஒன்றே ஒன்று.

"ஒரு பக்கமே இருபத்திரண்டு" என்றார் பேருந்தில். "ரெண்டு பக்கமும் சேத்தா முப்பது முட்டைத் தட்டு ஒண்ணு தாண்டும். இவ்ளோ ஸ்டாக்கு கீது, மாத்திரை எதுக்கு?"

மருந்துச் சீட்டு பீரோவுக்குள் போய்விட்டது. அத்தோடு விட்டாரா? சரக்கு நிறைய வைத்துக்கொண்டே பிள்ளை தராதவள் என்று பேச்சு திரும்பியது. "ரம்ஜான் வரைக்கும் பாக்கலாம். இல்லேன்னா அசீமுக்கு வேற எடம் பாத்துட வேண்டியதுதான்" என்று மகளிடம் போனில் சொன்னார், அடுப்படிக்குக் கேட்கும்படியாக.

கத்திரி வெயில் தொடங்கியிருந்தது. சனோபர் அன்றைக்குக் கழித்த கீறல் முட்டைகளைக் குப்பையில் போடாமல் ஒரு தட்டில் அடுக்கி அடுப்படிப் பரணில் வைத்தாள்.

ஒன்பதாம் நாள் அந்த வாடைக்குப் பேருந்து நிலையத்துக் காக்கைகள் குடும்பத்தோடு செங்கல்பட்டுக்குக் குடிபெயர்ந்தன. அலிமா மோப்பம் பிடித்துத் தட்டைக் கண்டுபிடித்தார்.

"இன்னாடி இது? கீறல் முட்டைய அன்னன்னிக்கே தூக்கிப் போடுன்னு எத்தினி தபா சொல்லிக்கீறேன்?"

"தட்டுல நெறைய கீது மாமி. எண்ணிப் பாருங்க, இருபத்திரண்டு."

"எண்ணி இன்னா பண்றது? ஒண்ணாவது ஆம்லெட்டுக்கு ஆவுமா? போவ வேண்டியது போனாத்தான புதுசு வைக்க எடம்?"

"அதத்தான் மாமி டாக்டரும் சொன்னாங்க."

முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி அலிமா உள்ளே போனார். பீரோவைத் திறந்து சீட்டை எடுத்து வந்து நீட்டினார். முதல் வகுப்புக்காரியாயிற்றே, சனோபர் திருத்தாமல் விடுவாளா? "உள்ள ஒண்ணும் கெட்டுப் போவல மாமி, பயந்துடாதீங்க. வளராம நின்னுக்கினு கீது, அவ்ளோதான்."

"படிச்ச வாயி" என்றார் அலிமா.

அசீம் நாஷ்டாவுக்கு வந்தான். நாளைக்கு டெஸ்ட் என்று அலிமா சொன்னதும் இட்லித் தட்டைத் தள்ளி வைத்தான்.

"நாளைக்கு லோடு வருதும்மா. எனக்கு இன்னாத்துக்கு டெஸ்டு? நான் நல்லாத்தான் கீறேன்."

அலிமா முட்டை பார்க்கும் விளக்கை எடுத்து வந்து மகனின் முகத்துக்கு நேரே போட்டார்.

"முப்பது வருசத்துல எந்த முட்டையாவது நான் நல்லாக்கீறேன்னு சொல்லி, அத லைட்டுல புடிக்காம உள்ள வுட்டுக்கீறேனாடா?"

மறுநாள் காஞ்சிபுரம் பேருந்தில் ஜன்னலோரம் அசீம். நடுவழியில் இறங்கிவிடாதபடி அணை போட்டதுபோல் பக்கத்தில் அலிமா. பின் இருக்கையில் சனோபர், சீட்டைக் கைப்பையில் வைக்காமல் கையிலேயே பிடித்திருந்தாள்.

அன்றைக்குக் கடைக்கு லோடு எதுவும் வரவில்லை.