கறுப்புக் கட்டை

எங்கள் வீட்டில் கர்நாடக சங்கீத வயலின்தான். பியானோவை நான் முதலில் தொட்டது உடுவிலில், பள்ளிக்கூடத்து மேலைத்தேய சங்கீத வகுப்பில். போரால் பாதை அடைபட்டு, சுருதி சேர்க்கக் கொழும்பிலிருந்து ஆள் வரமுடியாத காலம் அது. ஆனாலும் அந்தப் பியானோ பெரிதாகப் பிசகாமல் நின்றது.

டீச்சர் சி மேஜர் ஸ்கேலை வாசித்துக் காட்டினார். எல்லாம் வெள்ளைக் கட்டைகள்.

"இது சங்கராபரணமெல்லோ!" என்றேன். வகுப்பே சிரித்தது.

டீச்சர் சிரிக்கவில்லை. "அப்ப உந்தச் சங்கராபரணத்தை ஜியிலை தொடங்கி வாசியும் பாப்பம்."

ஜியிலிருந்து வெள்ளைக் கட்டைகளிலேயே ஏறினேன். ஏழாவது கட்டையில் விரல் தானாக நின்றது.

"பிழை, டீச்சர். நிஷாதம் இறங்கிப்போச்சு. இது ஹரிகாம்போதி."

அந்த வெள்ளைக் கட்டையை விட்டு, அதையடுத்த கறுப்புக் கட்டையை அழுத்தினேன். சங்கராபரணம் திரும்பி வந்தது. மேல் ஸட்ஜத்தில் போய் நிறுத்தினேன்.

"அது எஃப் ஷார்ப்," என்றார் டீச்சர். "அடுத்த கிழமைதான் படிப்பிக்க இருந்தனான். உமக்கு ஆர் சொல்லித் தந்தது?"

"ஒருத்தரும் இல்லை, டீச்சர். என்ரை காது."

அதைச் சொல்லும்போது நான் டீச்சரைப் பார்க்கவில்லை. சிரித்தவர்களைத்தான் பார்த்தேன்.