கேற்றடியில் கழற்றிய தொப்பி

அத்தானின் வேட்டைத் தொப்பி எங்கள் கராஜில், பனிக்கால ரயர்களுக்கு மேலே ஓர் ஆணியில் தொங்குகிறது. கண்ணைக் குத்தும் செம்மஞ்சள் நிறம். மற்ற வேட்டைக்காரர்கள் தவறிச் சுட்டுவிடக்கூடாது என்பதற்காக எல்லாரும் போடுகிற நிறம் அது. போன பனிமாரியில் அத்தான் மாரடைப்பில் போனபிறகு அக்கா அவருடைய உடுப்புகளைப் பிரித்துக் கொடுத்தார். குளிரங்கிகளுக்கு ஆள் இருந்தது, சப்பாத்துகளுக்கு ஆள் இருந்தது, இந்தத் தொப்பியை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. நான்தான் எடுத்து வந்தேன். அதன் முன்பக்கத்தில் குறுக்காக ஒரு மடிப்பு விழுந்திருக்கிறது. அது எங்கே, எப்படி விழுந்தது என்று எனக்குத் தெரியும். எடுத்து வந்ததும் அதனால்தான். கராஜுக்குள் போகும்போதெல்லாம் அந்தப் பக்கம் பார்க்காமல் நடப்பதும் அதனால்தான்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். இங்கே கியூபெக்கில், நோத்ர-டாம்-த-கிரேஸ் என்ற பகுதியில், ஒரு மூலைக்கடை வைத்திருந்தார். டெப்பனர் என்று இங்கே சொல்வார்கள். பால், பியர், சிகரெட், சுரண்டிப் பார்க்கும் லொத்தர் சீட்டு. வாய் திறக்கப் பயப்படாத மனிதர். வாகனத்துக்குத் தண்டம் எழுதினால் பேசாமல் கட்டுகிற பழக்கம் அவருக்கில்லை; தானே நேரில் போய், பாதி பிரெஞ்சும் பாதி ஆங்கிலமுமாகச் சண்டை பிடித்துவிட்டு வருவார். வரி அலுவலகத்திலிருந்து வந்த ஒருவரை ஒரு மணி நேரம் நிற்கவைத்துக் கதைத்தார், கடைசியில் அந்த மனிதர் ஒரு கோப்பி வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். எங்கள் குடும்பத்தில் எந்த அரச அலுவலகத்துக்கு யார் போவதென்றாலும் அத்தானைத்தான் கூட்டிப்போவோம். எனக்கு அவர்மேல் பெருமை இருந்தது, கொஞ்சம் பொறாமையும் இருந்தது.

கடையை விற்று ஓய்வெடுத்த வருடம்தான் அவருக்கு வேட்டைப் பைத்தியம் பிடித்தது. முதலில் அதை ஒருவரும் பெரிதாக எடுக்கவில்லை. என்னையும் இழுத்துக்கொண்டு வேட்டைத் துவக்கு வைத்திருப்பதற்கான அனுமதி வகுப்புக்குப் போனார். இரண்டுபேரும் பரீட்சை எழுதிப் பாஸாகினோம். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அவருடைய பழைய அறைத்தோழர் ஒருவர் மேற்கே, சமவெளிப் பக்கத்தில், இறைச்சித் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறார். அங்கே கனடா இராணுவத்தின் பயிற்சித் தளம் ஒன்று இருக்கிறது. கண்ணுக்கெட்டிய தூரமும் புல்வெளி, உள்ளே குடியிருப்பாரில்லை. அதனால் எல்க் என்கிற பெரிய மான்கள் அங்கே பெருகி, பக்கத்துப் பண்ணைகளின் வேலிகளை உடைக்கின்றன. ஆகவே இலையுதிர்காலத்தில் இராணுவமே வேட்டைக்காரருக்கு அனுமதி கொடுத்து உள்ளே விடுகிறது. அத்தான் எல்க் என்று சொல்லவே மாட்டார்; எங்கள் ஊர்க் காட்டில் திரியும் பெரிய மானின் பெயரையே அதற்கும் வைத்தார். "எங்கட மரைதான். குளிருக்குக் கொஞ்சம் கூட வளந்திருக்கு," என்பார்.

நான் ஒரு நாள் கேட்டேன். "அத்தான், கியூபெக்கிலையே பெரிய மான் நிக்குது. ஒரினியால் எண்டு சொல்லுறாங்கள். காலமை வெளிக்கிட்டாப் பின்னேரம் காட்டுக்கை நிக்கலாம். ஏன் நாட்டின்ர அடுத்த அந்தத்துக்கு ஓடவேணும்?"

கேட்டபோது நாங்கள் கர்க்லாண்டில் என் வீட்டு நிலவறையில் இருந்தோம். மேசையில் அந்தத் தளத்தின் வரைபடம் விரித்திருந்தது. அவருடைய மகள், என் மருமகள், துண்டு துண்டாக அச்செடுத்து ஒட்டிக் கொடுத்தது. அத்தான் வரைபடத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"ஊரிலை என்ர வீடு இப்பவும் ஆமிக் காம்புக்குள்ள கிடக்குது தம்பி. கிணறும் உள்ளுக்கை, கலியாணம் கட்டின பந்தல் போட்ட முத்தமும் உள்ளுக்கை. முள்ளுக்கம்பிக்கு இஞ்சால நிண்டு பாத்ததோட சரி. ஒருக்கா, ஒருக்கா எண்டாலும், ஒரு ஆமிக் காம்புக்குள்ள நான் துவக்கோட போகவேணும். அவன் எனக்குக் கேற்றைத் திறந்து விடவேணும். அதைப் பிள்ளை பாக்கவேணும். மரை விழுந்தா விழட்டும், விழாட்டிப் போகட்டும்."

மருமகள் மேல்படியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். இங்கே பிறந்தவள், மருத்துவமனையில் தாதியாக வேலை செய்கிறவள், எங்கள் போர்க்கதைகளைச் சிறுவயதிலிருந்தே கேட்டுக் களைத்தவள். ஆனால் அடுத்த சனிக்கிழமை அவளும் வந்து மேசையடியில் இருந்தாள். விண்ணப்பங்களை அவள்தான் நிரப்பினாள். வாகனம் தானே ஓட்டுவதாகவும் சொன்னாள்.

அந்த மாரி முழுவதும் திட்டம்தான். வரைபடத்தில் சிவப்புக் கோடு போட்ட இடங்களுக்குப் போகக்கூடாது, வெடிக்காத செல் குண்டுகள் கிடக்கலாம் என்று எழுதியிருந்தது. நிலத்தில் உலோகமாக எதைக் கண்டாலும் தொடாதே என்றும் இருந்தது. அத்தான் அதை வாசித்துவிட்டு, "இதெல்லாம் எங்களுக்கு இவங்கள் படிப்பிக்கவோ?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அக்கா மட்டும் முகத்தை நீட்டிக்கொண்டு திரிந்தார். வெள்ளிக்கிழமை விரதக்காரி, தன்னுடைய குளிர்ப்பெட்டிக்குள் அரை மாடளவு இறைச்சி வரப்போகிறதே என்ற கவலை ஒரு பக்கம். "உயிரைக் கையிலை பிடிச்சுக்கொண்டு ஆமியிட்ட இருந்து ஓடிவந்தனாங்கள். இப்ப இந்த மனுசன் காசு குடுத்து ஆமிக் காம்புக்குப் போகுது," என்று போனில் எல்லாருக்கும் சொன்னார். ஆனாலும் வழிக்குச் சாப்பிட மிளகாய்ப்பொடி பூசிய றொட்டியும் இறைச்சிப் பொரியலும் கட்டித் தந்தது அவர்தான்.

அத்தான் எல்லாவற்றிலும் கூடுதலாகத் திட்டமிட்டது கேற்றடியைத்தான். புறப்படுவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு வாசலில் ஒத்திகையே நடந்தது. மருமகள் பனி வழிக்கும் சவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஆமிக்காரனாக நின்றாள். அத்தான் முன் இருக்கையில், செம்மஞ்சள் தொப்பியோடு, நெஞ்சை நிமிர்த்தி இருந்தார். நான் ஓட்டினேன். "கண்ணாடியை அரைவாசிக்குத்தான் இறக்குவன். முழுக்க இறக்கினாப் பயந்ததெண்டு நினைப்பான். 'குட் மோர்னிங்' எண்டுவன். அவ்வளவுதான். ஐடி காட்டை அவன் கேட்டாத்தான் குடுக்கிறது." மருமகள் சவளை நீட்டி, "பொன்ஷூர் மிஸ்யூ, உங்கட மரைக்கு பாஸ் இருக்கா?" என்று கேட்டாள். அத்தான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் யன்னலைத் திறந்து பார்த்தார். அவரை நான் அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்தது அதுதான் கடைசி.

அந்தக் காலையை இனி எழுதத்தான் வேண்டும். வாகனத்தில் நாட்கணக்காக ஓடி, அந்த இறைச்சித் தொழிற்சாலை நண்பரின் வீட்டில் தங்கி, விடியும் நேரம் தளத்தின் வாசலுக்கு வந்துசேர்ந்தோம். நண்பர் தன் வாகனத்தில் முன்னாலேயே உள்ளே போய்விட்டார். மருமகள் ஓட்டினாள், அத்தான் முன்னால், நான் பின்னால். துவக்குகள் பூட்டிய பெட்டிக்குள். எங்களுக்கு முன்னால் இரண்டு மூன்று பிக்கப் வாகனங்கள், பின்னாலும் வரிசை. புல்வெளியில் காற்று உதைத்துக்கொண்டிருந்தது. தூரத்தில் தடைமரம் ஏறி இறங்குவதும், அதன் பக்கத்தில் சீருடை போட்ட உருவம் ஒன்று நிற்பதும் தெரிந்தது.

"இதிலை நிப்பாட்டு," என்றார் அத்தான்.

"இன்னும் கிட்டப் போகலாம் அப்பா."

"நிப்பாட்டு பிள்ளை."

அவள் நிறுத்தினாள். அத்தான் கதவைத் திறந்து இறங்கினார். தொப்பியைக் கழற்றினார். இரண்டாக மடித்துக் கக்கத்தில் வைத்தார். அடையாள அட்டையை எடுத்து, நெஞ்சுக்கு நேரே, படம் வெளியே தெரியும்படி பிடித்துக்கொண்டு, றோட்டு ஓரமாக நடக்கத் தொடங்கினார்.

எங்கள் ஊரில் அப்படித்தான். ஆமிக்காரன் காவல் நிற்கும் சென்றி வந்தால் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும். தலையில் இருப்பதைக் கழற்றவேண்டும். அட்டையைக் கையில் பிடித்தபடி, அவனுடைய முகத்தைப் பார்க்காமல், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓரமாக நடக்கவேண்டும். எங்கும் எழுதி ஒட்டிய சட்டமில்லை. இறங்காமல் போனவனுக்கு என்ன நடந்தது என்பதைக் கண்டவர்கள் நாங்கள். அத்தானின் இடது கை சற்றே முன்னுக்கு நீண்டிருந்தது. அங்கே தள்ளிக்கொண்டு போகச் சைக்கிள் இல்லை.

அவரைத் தடுக்கத்தான் நானும் இறங்கி ஓடினேன் என்று அக்காவுக்குச் சொல்லியிருக்கிறேன். அது உண்மையல்ல. நான் இறங்கினேன், ஓடவில்லை. அத்தானுக்குப் பின்னால், அதே ஓரமாக, நடந்தேன். பாதித் தூரம் போனபிறகுதான் குனிந்து பார்த்தேன். என் சாரதி அனுமதிப்பத்திரம் என் கையில் இருந்தது. என் தொப்பி என் கக்கத்தில் இருந்தது. எப்போது கழற்றினேன் என்று எனக்கு இன்றுவரை ஞாபகமில்லை.

வாசலில் நின்றவன் சின்னப் பெடியன். ஒரு கையில் கோப்பி. எங்களைக் கண்டு பயந்துபோய், வாகனத்தில் ஏதும் பழுதா ஐயா என்று கேட்டான். வரி அதிகாரியையே நிற்கவைத்துக் கதைத்த மனிதருக்கு ஒரு 'குட் மோர்னிங்' வரவில்லை. அட்டையை இரண்டு கையாலும் நீட்டினார். பெடியன் அதை வாங்கவேயில்லை. வாகனத்தின் முன்கண்ணாடியில் இருக்கும் அனுமதிச்சீட்டே போதும், ஏறி வாருங்கள் என்று மிகவும் மரியாதையாகச் சொன்னான். பின்னால் நின்ற வாகனங்களில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை, ஹோர்ன் அடிக்கவில்லை. சிரித்திருந்தால் கோபப்பட்டிருக்கலாம். நாங்கள் ஏறவில்லை. தடைமரம் உயர்ந்தது, மருமகள் வாகனத்தை மெதுவாக உள்ளே எடுத்தாள், நாங்கள் இரண்டுபேரும் ஓரமாக நடந்து உள்ளே போனோம்.

எனக்கு வெட்கமாக இருந்தது. முதலில் அத்தானை நினைத்து, பிறகு என்னை நினைத்து. இருபது வருடத்துக்கு மேலாக இந்த நாட்டுக் குடிமகன், வாக்குப் போடுகிறவன், ஒரு கோப்பிக் கோப்பையோடு நின்ற பெடியனுக்கு முன்னால் அப்படி நடந்தேன். எல்லாவற்றையும்விட, பிள்ளை பார்த்துவிட்டாள் என்பதுதான் என்னைத் தின்றது. அவர் அவளுக்குக் காட்டவேண்டுமென்று ஒரு வருடம் பாடுபட்டது ஒன்று. அவள் கண்டது வேறொன்று.

அன்று மரைகளைக் கண்டோம். ஒரு கூட்டமே எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது. அத்தான் துவக்குக்கு ரவை போடவேயில்லை. "கை சரியில்லை. போகட்டும்," என்றார். நண்பர் சுட்டதில் ஒரு பங்கு தந்தார். திரும்பி வரும் வழி நெடுக மூன்றுபேரும் சாப்பாட்டைப் பற்றியும் பெற்றோலைப் பற்றியும் மட்டும் கதைத்தோம். அக்கா கறிச்சரக்கு வறுத்துப் போட்டு இறைச்சியைச் சமைத்தார். வந்த ஆட்களுக்கு அத்தான், "காத்து சரியில்லை, அதுதான் எனக்கு விழேல்லை," என்று சொன்னார். என்னுடைய முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அதன்பிறகு வந்த வருடங்களில் அலுவலகங்களுக்கும் என்னோடு வருவதைக் குறைத்துக்கொண்டார். அவர் நடந்ததை நான் கண்டுவிட்டேன் என்பது எங்கள் இருவருக்கும் இடையில் பெரிய தடையாக நின்றது. ஒரு நாள் பக்கத்தில் இருந்து, "அத்தான், என்ர கையிலையும் காட் இருந்தது," என்று சொல்லியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். சொல்லவில்லை. அவர் எனக்கு முன்னால் நடந்தவர், என் கையை அவர் பார்க்கவில்லை என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

போன சனிக்கிழமை மருமகள் வந்தாள். நேரே கராஜுக்குள் போய் ஆணியில் இருந்த தொப்பியைக் கழற்றினாள்.

"மாமா, இந்த இலையுதிர்காலத்துக்கு விண்ணப்பிச்சிருக்கிறன். அதே இடம்தான்."

நான் ரயர்களைப் பார்த்துக்கொண்டு கேட்டேன். "அங்க என்னத்துக்குப் பிள்ளை? அண்டைக்கு நீ பட்ட வெக்கம் காணாதே?"

அவள் திரும்பிப் பார்த்தாள். "எனக்கு வெக்கம்தான். நான் இறங்கேல்லை எண்டு. அப்பா நடக்கேக்கை நான் ஹீற்றரைப் போட்டுக்கொண்டு வாகனத்துக்குள்ள இருந்தனான். இறங்கிக் கூட நடந்திருக்கவேணும். தனிய விட்டுட்டன்."

"தனிய இல்லை. நான் கூட நடந்தனான்தானே."

"ஓம் மாமா. நீங்களும் பயந்துதான் நடந்தனியள். அப்பா கண்டவர். 'மாமாவிட்ட ஒண்டும் கேக்காதை, அவனுக்கு வெக்கமா இருக்கும்' எண்டு எனக்குச் சொன்னவர்."

அவள் அதை மிகச் சாதாரணமாகச் சொன்னாள். நான் கராஜ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அத்தான் அத்தனை வருடமும் என் முகத்தைப் பார்க்காமல் இருந்தது தன்னுடைய வெட்கத்தால் அல்ல, என்னுடையதைக் காப்பாற்றத்தான் என்பதை அவர் போனபிறகு, என் கராஜ் வாசலில் நின்று அறிந்தேன்.

மருமகள் மடிப்பு விழுந்த தொப்பியைத் தலையில் போட்டுக்கொண்டு போய்த் தன் காரில் ஏறினாள். தெருவின் நிறுத்தக்கூடாத பக்கத்தில் விட்டிருந்தாள். புறப்படுவதற்குள் ரோந்து வாகனம் ஒன்று வந்து பக்கத்தில் நின்றது. சீருடைக்காரர் எட்டிப் பார்த்தார். அவள் கண்ணாடியை அரைவாசிக்கு இறக்கினாள். "பொன்ஷூர்," என்றாள். அவ்வளவுதான். அவர் தலையசைத்துவிட்டுப் போனார்.

நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் தலையில் தொப்பி எதுவும் இருக்கவில்லை. ஆனாலும் கை அதைக் கழற்றத் தலைக்குப் போயிருந்தது.