எழுதுகிற கை

அம்பத்தூரில் நான் தகடு அழுத்தும் பிரஸ் மிஷின் ஓட்டியபோது, பக்கத்து மிஷினில் இருந்தவர் பட்டம் படித்தவர். ஒல்லி உடம்பு, நூலால் கட்டிய கண்ணாடி. எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார்.

கை உள்ளே மாட்டாதபடி, இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். அவர் இடது பட்டனில் மரத்துண்டைச் செருகிவிட்டு, அந்தக் கையால் புத்தகம் புரட்டுவார்.

"இன்னா மேனேஜர் சார், கை பத்திரம்" என்பேன்.

"பரீட்சை வரைக்கும்தாண்ணே."

பரீட்சைக்கு முந்தின வாரம், கண் புத்தகத்தில் இருக்க, தகடு வைக்கப்போன இடது கை நசுங்கியது. ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். அவர் சிரித்தார்.

"எழுதுற கை நல்லா இருக்குண்ணே."

பரீட்சைக்குப் போனாராம். அப்புறம் அவரைப் பார்க்கவில்லை. அந்தச் சிரிப்பு மட்டும் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அவர் மிஷினுக்கு அடுத்து வந்தவர், வேலை சீக்கிரம் ஆகிறதென்று, மரத்துண்டை எடுக்காமலே ஓட்டினார்.