கொழுந்து மடுவத்தில் பிள்ளைத் தராசு

பிள்ளைகளே, உங்கள் அத்தை நம்மை விட்டுப் போய் இன்றோடு முப்பது நாள். நான் அதிகம் படித்தவன் இல்லை. கண்டதை எழுதி, முப்பதுக்கு வந்திருக்கும் எல்லார் முன்னாலும் வாசிக்கிறேன்.

என் அக்கா கம்பளைக்கு மேலே, நாம் இன்றும் இருக்கும் இதே தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடொன்றில் பிறந்தார். தாய் தகப்பன் கொழுந்து பறித்துப் படிக்க வைத்தார்கள். தோட்டத்தார் மிஸ்ஸி என்று கூப்பிடும் குடும்பநல மாதுவாகி, கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் லயம் லயமாகப் போய்ப் பார்த்தார். மழைக்கும் ஏற்றத்துக்கும் நின்றவர் இல்லை.

பிள்ளை நிறுக்கும் நாளில் தாய்மார் கிளினிக்குக்கு வரமாட்டார்கள். வேலை மலையை விட்டு இறங்கினால் அன்றைய சம்பளம் இல்லை. ஆகவே அத்தை தராசைத் தூக்கிக்கொண்டு, பிள்ளைகளையும் தூக்கி வரச் சொல்லி, அவர்கள் கொழுந்து கொண்டுவரும் கொட்டகையான மடுவத்துக்கே வந்துவிட்டார். அங்கே கொழுந்து நிறுப்பது என் வேலை.

எங்களை வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை மறித்தார். "இது கொழுந்து நிறுக்கிற எடம் மிஸ்ஸி. புள்ளைகள கொண்டு போங்க."

"கொழுந்து அரைக் கிலோ கொறைஞ்சா சத்தம் போடுறீங்க. புள்ள கொறைஞ்சா யாருங்க சத்தம் போடுறது?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, தராச மாட்டு. ஒன் மகள மொதல்ல வையி."

வேலை போய்விடுமோ என்று கணக்கப்பிள்ளையைப் பார்த்தேன். மாட்டினேன். மூத்தவளே, உன் நிறை பதிவேட்டில், எடை குறைந்த பிள்ளைகளுக்கான சிவப்புக் கட்டத்தில் விழுந்தது.

"கொஞ்சம் கூட்டி எழுதுக்கா. மிஸ்ஸி வீட்டுப் புள்ளையே இப்புடின்னு சிரிப்பாளுக" என்று காதோடு சொன்னேன்.

"சிரிக்கட்டும். கூட்டி எழுதுனா புள்ள கூடிருமா?"

எல்லாருக்கும் கேட்கும்படி உன் நிறையைச் சொல்லி எழுதினார். ஒருத்தியும் சிரிக்கவில்லை. மெலிந்த பிள்ளைகளை லயத்து அறையான காம்பராவில் ஒளித்து வைத்திருந்த தாய்மார் போய்த் தூக்கி வந்தார்கள். கடைசியாக வந்தது கணக்கப்பிள்ளையின் பேரன். அதன் பிறகு மாதாமாதம் மடுவத்தில்தான் நிறுவை. சத்துமா கொடுத்து, வாரம் தவறாமல் வந்து பார்த்து, உன்னைத் தேற்றியதும் அத்தைதான்.

கண்டி ஆஸ்பத்திரியில் முடியாமல் கிடந்தபோதும், எந்த லயத்தில் யாருக்குப் பிள்ளை பெறும் மாதம் என்றே கேட்டுக்கொண்டிருந்தார்.

போன கிழமை நிறுக்கும் நாள் வந்தது. "சாவு வீட்டுக்காரன், முப்பது கழியாம பச்சப்புள்ளையத் தொடுறதா?" என்று கேட்டார்கள். தொட்டேன். வந்த பிள்ளைகள் அத்தனையையும் நானே தராசில் வைத்தேன். தீட்டு என்பவர்கள் என் வீட்டில் தண்ணீர் குடிக்க வேண்டாம். தேறாத பிள்ளை எங்கள் முப்பது முடியும்வரை காத்திராது.

அக்காவை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்கிய ஓட்டோக்காரத் தம்பிக்கும், மழையில் மேட்டுப் பாதையால் அவர் உடலைத் தூக்கி வந்தவர்களுக்கும், அவரது இடத்துக்கு வந்திருக்கும் புது மாதுவுக்கும் எங்கள் நன்றி. இன்று சாப்பிட வந்தவர்களில் யாராவது பிள்ளையை மறைத்து வீட்டில் விட்டிருந்தால், போய்த் தூக்கி வாருங்கள், நிறுத்துப் பார்ப்போம். பந்தி காத்திருக்கும்.