பிள்ளை பார்த்தவளின் கல்

என் மகளுக்கு எண்ணக் கற்றுக்கொடுத்தது நான் இல்லை. லண்டன் பிளேஸ்டோவில் பிறந்த பிள்ளை, மாடிப்படி ஏறும்போது "ஐன்ஸ், ஸ்வை, ட்றை" என்று ஜெர்மன் மொழியில் எண்ணிக்கொண்டு ஏறும். பகலில் அவளை வைத்துப் பார்த்த அக்கா, மகள் வாயில் அன்ரி, ஜெர்மனியில் பல வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். நான் முதியோர் இல்லத்தில் ஷிப்ட், கணவர் பெட்ரோல் நிலையத்தில். ஒரு வயதில் கொண்டுபோய் விட்ட பிள்ளை, ஆரம்பப் பள்ளி முடியும்வரை அங்கேதான் வளர்ந்தாள். பின்னேரம் கூட்டிவரப் போனால் முகம் கழுவி, தலை பின்னி, வீட்டுப்பாடமும் செய்ய வைத்திருப்பார். எனக்கென்று ஒரு வேலையும் மிச்சம் இருக்காது. நன்றி சொல்லிவிட்டு, வயிறு எரிய வீட்டுக்கு வருவேன்.

பிறகு குட்மேய்ஸுக்கு வீடு மாறினோம். எரிச்சலும் கூடவே வந்தது. தடிமன், சளி பிடித்தால் மகளுக்கு அன்ரியின் மல்லித்தண்ணி வேண்டும். அதே மல்லியும் அதே இஞ்சியும் போட்டு நான் அவித்துக் கொடுப்பேன். ஒரு மிடறு குடித்துவிட்டு, "அன்ரி செய்யிற மாதிரி இல்லை, அம்மா" என்பாள்.

2009இல் அவளுக்குப் பதினேழு வயது. படிப்புக்குப் பழைய கிரேக்க வரலாற்றை எடுத்திருந்தாள். ஏதென்ஸில் குடியிருந்த வெளியூர்க்காரரைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும் என்று, கல்லறைக் கற்களின் படங்களைச் சாப்பாட்டு மேசை முழுக்கப் பரப்பி வைத்திருந்தாள். ஊர்க்காரன் இறந்தால் கல்லில் அவன் பெயர், தகப்பன் பெயர், ஏதென்ஸில் அவன் எந்தப் பகுதி என்பது இருக்குமாம். வெளியூர்க்காரன் என்றால், எத்தனை வருடம் அங்கே இருந்தாலும், பெயரோடு அவன் விட்டுவந்த ஊரைத்தான் போடுவார்களாம்.

"இதிலை என்ன புதினம்? எங்கடை மரண அறிவித்தலும் அப்பிடித்தானே. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் லண்டனை வதிவிடமாகவும் கொண்ட எண்டுதானே போடுறவை" என்றேன்.

மகள் துள்ளி எழுந்தாள். "அம்மா, பிரில்லியன்ட்! இதை நான் எழுதப் போறன்."

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஐந்து நிமிடம்தான். அடுத்த அறையில் அவள் போனை எடுத்து, அந்தக் கதையை முழுவதுமாக அன்ரிக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்தக் கற்களில் சிலதை நேரில் பார்க்கச் சனிக்கிழமை மியூசியத்துக்கு வா என்று என்னைக் கூப்பிட்டாள். நல்ல கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு போனேன். வாசலில் அக்கா சாப்பாட்டுப் பையோடு நின்றார். "அன்ரியையும் வரச் சொன்னனான்" என்றாள் மகள், பெரிய சந்தோசத்தைக் கொடுப்பவள் போல. நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

ஒரு கல்லின் முன்னால் எங்களைக் கொண்டுபோய் நிறுத்தினாள். அதில் செதுக்கிய நாற்காலியில் ஒரு பெண் இருக்கிறாள். அவள் முன்னால் ஒரு சிறுமி நிற்கிறாள். அந்தப் பெண் செவிலி, வேறொருத்தியின் பிள்ளையை வளர்த்தவள். செவிலியின் தகப்பன் வெளியூர்க்காரர். ஆனால் ஊர்க்காரருக்குச் சமமாக வரி கட்டினால் போதும் என்று சலுகை கிடைத்தவர். அந்தச் சலுகையையும் மறக்காமல் கல்லில் வெட்டியிருக்கிறார்கள்.

"சிற்றிசன் கிடைக்கேல்லை. நிரந்தரமாய் இருக்கிற பி.ஆர். கிடைச்ச மாதிரி, என்ன?" என்றார் அக்கா. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தப் பகிடி எனக்கு ஏன் முதலில் வரவில்லை என்று என்மேலேயே கோபம் வந்தது.

பிறகு மகள் கல்லில் இருந்த வரிகளின் பொருளைச் சொன்னாள். வளர்ந்து பெரியவளான அந்தச் சிறுமிதான் பேசுகிறாளாம். செவிலி உயிரோடு இருந்தபோது அவள்மேல் அன்பு வைத்திருந்தாளாம். மண்ணுக்குள் போன பிறகும் தன் ஆயுள் உள்ளவரை அவளை மதிப்பாளாம். சொல்லச் சொல்ல அவளின் குரல் தழுதழுத்தது. கண் அக்காமேல் இருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. "அந்தப் பிள்ளையின்ரை தாய் எங்கை?" என்று கேட்டேன்.

"கல்லிலை தாயைப் பற்றி ஒண்டும் இல்லை, அம்மா."

"பெத்தவள் எண்டு ஒருத்தி இருந்திருப்பாள்தானே? அவள் எங்கை போனவள்?"

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மகள் முகம் சிவந்து, "அம்மா, ப்ளீஸ்" என்று சொல்லிவிட்டு இரண்டு கல் தள்ளிப் போய் நின்றாள். செத்து எத்தனையோ நூற்றாண்டான ஒரு தாய்க்காக நான் அங்கே சண்டை பிடிக்கவில்லை. நாளைக்கு என் மகள் ஒரு கல் நட்டால் அதில் எனக்கு ஒரு வரி கிடைக்குமா என்பதுதான் என் கவலை.

அக்கா கல்லைப் பார்த்தபடியே பேசினார். "உமக்கு என்னிலை எரிச்சல் எண்டு எனக்குத் தெரியும், தங்கச்சி."

மகளுக்குக் கேட்டதா என்று நான் திரும்பிப் பார்த்தேன்.

"எனக்கு உம்மிலை அதைவிடக் கூட. பின்னேரம் நீர் வந்து பெல் அடிச்சால் போதும். வாயிலை வைச்ச சோத்தையும் துப்பிப்போட்டு, அம்மா எண்டு கத்திக்கொண்டு ஓடுவாள். ஒரு நாளெண்டாலும் என்னைத் திரும்பிப் பாத்தவளில்லை. நான் சோத்துக் கோப்பையோடை நிப்பன்."

மகள் தலையைக் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தாள்.

"வடிவாய்க் கேக்கேல்லை, அக்கா. இன்னொருக்காச் சொல்லுங்கோ, கொஞ்சம் பலமா" என்றேன்.

எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டிருந்தது. மகளுக்கும் கேட்கவேண்டும்.