இருநூற்றைம்பதுக்குள் ஓர் அந்தோணியார்

"காத்தாடிய ஆஃப் பண்ணுலா, ரோஸ். மூச்சையும் கொஞ்சம் தாஹான் பண்ணு."

கிளிஃபர்டின் காலை இப்படித்தான் தொடங்குகிறது. பூலாவ் தீக்குஸ் அடுக்குமாடியில், சமையல் மேடைமேல் ஒரு நகைத்தராசு. அதன்மேல் கேமரா ட்ரோன். மின்விசிறி சுற்றினால் எண் ஆடும், மனைவி ரோசலின் மூச்சை அடக்காவிட்டாலும் ஆடும் என்பது அவர் கட்சி. ஜுருவில் திருகாணித் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடமாகத் தரம் பார்க்கிறவர். மயிரிழை கூடினாலும் திருப்பி அனுப்பிப் பழகிய கை.

வெளிநாடு போகிறவர்கள் ஹோட்டலை விசாரிப்பார்கள், சாப்பாட்டை விசாரிப்பார்கள். கிளிஃபர்ட் அந்த நாட்டு ட்ரோன் சட்டத்தைப் படிப்பார். பேங்காக்கில் எங்கே தங்கலாம் என்று தெரியாத்தனமாகக் கேட்ட பக்கத்து வீட்டுத் தயாளன், முக்கால் மணி நேரம் லிஃப்ட் வாசலில் நின்றார். "தாய்லாந்துல கேமரா இருந்தா, எடை கம்மியானாலும் பதியணும் தம்பி. இந்தியான்னா கொண்டே போவாதீங்க, கஸ்டம்ஸ்ல புடிச்சி வச்சிக்குவான். பேட்டரிய கைப்பையிலதான் வைக்கணும்." தயாளனிடம் ட்ரோனே கிடையாது.

நாளை மாலை அவர்களுக்கு போர்ச்சுகல் விமானம். திருமணத்தின் வெள்ளிவிழா. ஃபாத்திமா மாதாவைக் கும்பிட்டுவிட்டு, கடலோரப் பாறையில் ரோசலின் கை விரித்து நிற்க, ட்ரோன் மேலே எழும்பிப் படமெடுக்க வேண்டும். நீலக் கவுன்கூடத் தைத்தாயிற்று.

ட்ரோன் இருநூற்றைம்பது கிராமுக்குள் இருந்தால் அங்கே சலுகை. தாண்டினால் ஆட்களை விட்டு வெகுதூரம் தள்ளிப் பறக்கவேண்டும். ரோசலின் எறும்பாகத்தான் தெரிவாள். பதிவெண்ணை ட்ரோன்மேல் ஒட்டுவதும் கட்டாயம். இன்று அதை ஒட்டி நிறுத்துப் பார்த்தார். 250.3.

"அந்தோணியார எடுத்துட்டா சரியாயிடும்" என்றார்.

போன ட்ரோன் பத்து ஃபெரிங்கி கடலில் விழுந்து காணாமல் போனது. தொலைந்ததைத் தேடித் தரும் புனிதர் அந்தோணியாரின் ஸ்டிக்கரை இதன்மேல் ஒட்டியவள் ரோசலின்.

"அவரு பொறந்த நாட்டுக்கே போறோம், அவர வீட்டுல விட்டுட்டா? அவரு இல்லாம நான் பாறையில ஏறமாட்டேன்."

"ரிமோட்டுல ஒட்டிக்கலாம்லா."

"கடல்ல விழுந்தது ரிமோட்டா?"

கிளிஃபர்ட் எண்ணை இன்னொருமுறை பார்த்தார். சட்டத்தையும் மீறமுடியாது, இவளையும் மீறமுடியாது. ரோசலின் நகக் கத்தரியோடு வந்து உட்கார்ந்தாள்.

"நம்பர் தெரியணும், அவ்ளோதானே? சுத்தியிருக்கற வெள்ளைப் பேப்பருக்கும் சேத்தா லைசென்ஸ் எடுத்தீங்க?"

பதிவெண்ணின் ஓரங்கள் உதிர்ந்தன. அடுத்து அந்தோணியாரின் தங்கச் சட்டம், மேகம், லில்லிப் பூ. முகமும் கையிலிருந்த குழந்தையும் மிஞ்சின. இரண்டு ஸ்டிக்கரையும் மறுபடி ட்ரோனில் ஒட்டினாள். யாரும் சொல்லாமலே எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினாள்.

எண் ஏறியது, இறங்கியது, 249.8-இல் நின்றது. கிளிஃபர்ட் சந்தோஷத்தில் கத்துவதற்கு வாயைத் திறந்தார். ரோசலின் உள்ளங்கையால் அதைப் பொத்தினாள்.

"தாஹான் பண்ணுங்க."